எக்மோ போடச் சொல்கிறார்கள்: இது கடைசி முயற்சியா, சரியான நேரமா?

காவிரிக்கரை (திரியைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். அவசரம், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் சித்தப்பா மகன், வயது 36. சர்க்கரை, பிரஷர் எதுவும் கிடையாது. காய்ச்சல், இருமல் என்று ஆரம்பித்து இரண்டு நுரையீரலிலும் நிமோனியா ஆகிவிட்டது. சோதனையில் எச்1என்1 ஃப்ளூ என்று வந்திருக்கிறது. தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்று நாளாக வென்டிலேட்டரில் இருக்கிறான். ஆக்சிஜன் முழு அளவில் கொடுத்தும் ரத்தத்தில் ஏறவில்லையாம். குப்புறப் படுக்க வைத்தும் பார்த்தார்கள். முதல் தடவை நன்றாக ஏறியது, நேற்றிலிருந்து அதுவும் பலிக்கவில்லை. சென்னையிலிருந்து ஒரு குழு வந்து எக்மோ போட்டு அங்கே கொண்டுபோக வேண்டும், இன்றைக்குள் முடிவு சொல்லுங்கள் என்கிறார் டாக்டர்.

சித்தப்பாவுக்கு எக்மோ என்று கேட்டதுமே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டிவியில் அந்தப் பேர் வந்தபோதெல்லாம் அடுத்து மரணச் செய்திதான் வந்தது என்கிறார். சித்தி நகையை எடுத்து வெளியே வைத்துவிட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் நான். இந்தக் கருவி உண்மையில் என்ன செய்கிறது? போட்டால் பிழைப்பானா? இவ்வளவு சீக்கிரம் ஏன் கேட்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பம்ப்_ரூம்

தம்பி, நான் பெர்ஃப்யூஷனிஸ்ட். தியேட்டரில் இதய நுரையீரல் இயந்திரம் ஓட்டுவதும், ஐசியூவில் எக்மோ ஓட்டுவதும்தான் என் வேலை. உங்கள் சித்தப்பாவின் பயத்திலிருந்தே தொடங்குகிறேன். தமிழ்நாட்டில் பெரும்பாலானோருக்கு எக்மோ அறிமுகமானது இரண்டு செய்திகளின் வழியாகத்தான்.

2016 டிசம்பர் 4 அன்று மாலை ஜெயலலிதா அவர்களுக்கு இதயம் நின்றது. அதன்பின் எக்மோ போட்டார்கள், மறுநாள் இரவு காலமானார். நின்ற இதயத்துக்குப் போடும்போது ரத்தத்தைச் சிரையிலிருந்து எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, தமனிக்குள் தள்ள வேண்டும். அதாவது இதயத்தின் வேலையையும் இயந்திரமே செய்கிறது. அதன் ஆபத்துக் கணக்கே வேறு. 2020-இல் எஸ்.பி.பி. அவர்களுக்குப் போட்டது கோவிட் தாக்கிய நுரையீரலுக்காக. அப்போது அவருக்கு வயது 74, ஒரு மாதத்துக்கும் மேல் ஓடியது. உங்கள் தம்பிக்கும் நுரையீரலுக்காகத்தான் கேட்கிறார்கள், ஆனால் அவருக்கு வயது 36, நோய் ஃப்ளூ. இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்காதீர்கள்.

கருவி செய்வது இதுதான். தொடையிடுக்கில் உள்ள பெரிய சிரையில் சுமார் 8 மில்லிமீட்டர் பருமனுள்ள குழாயை வயிறு தாண்டி இதயத்துக்கு அருகே வரை ஏற்றுவோம். ஸ்கேனில் பார்த்து ஊசி குத்தி, கம்பி விட்டு, அதன் மேல் குழாயை நுழைப்பது. பெரிய அறுவை எல்லாம் கிடையாது. அந்தக் குழாய் வழியாகப் பம்ப் நிமிடத்துக்கு 4, 5 லிட்டர் ரத்தத்தை வெளியே இழுக்கும். ரத்தம் ஆக்சிஜனேட்டர் என்ற பெட்டிக்குள் போகும். அதுதான் செயற்கை நுரையீரல். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் குழல்கள் ஆயிரக்கணக்கில் பின்னிக் கிடக்கும். குழல்களுக்குள்ளே ஆக்சிஜன் ஓடும், வெளியே ரத்தம் ஓடும். இரண்டும் கலக்காது, வாயு மட்டும் சுவரைத் தாண்டும். பெட்டிக்குள் போகிற டியூபில் ரத்தம் கருஞ்சிவப்பு, வெளியே வருகிற டியூபில் பளீரென்ற சிவப்பு. நாங்கள் ஒவ்வொரு தடவை கட்டிலுக்கு அருகே போகும்போதும் முதலில் பார்ப்பது இந்த நிற வித்தியாசத்தைத்தான். இரண்டு டியூபும் ஒரே நிறமாகிவிட்டால் ஏதோ கோளாறு என்று அர்த்தம். அப்புறம் அந்த ரத்தம் கழுத்துச் சிரை வழியாக இதயத்துக்குத் திரும்பும்.

பம்ப் ஓட்டத்தைக் கூட்டினால் ஆக்சிஜன் கூடும். ஆக்சிஜனேட்டருக்குள் விடும் வாயுவைக் கூட்டினால் கரியமில வாயு வெளியேறும். இந்த இரண்டு திருகுகள்தான் எங்கள் கையில் உள்ளவை. கரியமில வாயுவை மளமளவென்று இறக்கவும் கூடாது. சட்டென்று குறைந்தால் மூளையின் ரத்த ஓட்டம் பாதிக்கும் என்பதால் மணிக்கணக்கில் மெதுவாக இறக்குவோம்.

ஒன்றை மட்டும் சித்தப்பாவிடம் தெளிவாகச் சொல்லுங்கள். எக்மோ நிமோனியாவைக் குணப்படுத்தாது. கிருமியை மருந்து பார்த்துக்கொள்ளும், நுரையீரலை உடம்பு சரிசெய்துகொள்ளும். அதுவரை ரத்தத்துக்கு ஆக்சிஜன் கொடுத்து நேரம் வாங்கித் தருவதுதான் இந்தக் கருவி.


தேன்கூடு

மேலே உள்ளதெல்லாம் சரியாக இருக்கலாம். மற்ற பக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன். கோவிட் இரண்டாம் அலையில் என் நாத்தனார் கணவருக்குப் போட்டார்கள். மருத்துவமனை பெயர் வேண்டாம். வாரக்கணக்கில் ஓடியது. தினமும் பில் வந்தது, தினமும் "அப்படியேதான் இருக்கிறார்" என்ற பதில் வந்தது. நுரையீரல் முழுக்கத் தழும்பாகிவிட்டது என்று எங்களுக்குச் சொன்னது கடைசி வாரத்தில்தான். எதுவரை ஓட்டுவார்கள், எந்த நிலை வந்தால் நிறுத்துவார்கள் என்று முதல் நாளே யாராவது உட்கார்ந்து பேசியிருந்தால், அவரை இழந்த துயரம் ஒன்றோடு போயிருக்கும். இப்போது வீடும் போய், அந்தக் குடும்பம் இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறது.

எக்மோவால் உயிர் பிழைக்கும் விகிதம் கூடவில்லை என்று பெரிய ஆய்வே சொல்கிறது என்றும் படித்தேன். அது உண்மையா? காவிரிக்கரை, உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை. கேட்டுவிட்டு கையெழுத்துப் போடுங்கள்.


இரவு_டூட்டி

தேன்கூடு கேட்டது நியாயமான கேள்வி, அதனால் விவரமாகவே எழுதுகிறேன். நான் ஐசியூ மருத்துவர். காவிரிக்கரை, நோயாளியைப் பார்க்காமல் "போடு", "போடாதே" என்று என்னால் சொல்ல முடியாது. நாங்கள் எப்படி யோசிக்கிறோம் என்று சொல்கிறேன், உங்கள் டாக்டரிடம் பேச அது உதவும்.

பெரியவர் ஒருவரை இப்படிப் பிழைக்க வைத்த முதல் சம்பவம் 1971-இல், கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில். வாகன விபத்தில் அடிபட்டு நுரையீரல் செயலிழந்த 24 வயது இளைஞரை டொனால்ட் ஹில் என்ற அறுவை மருத்துவரின் குழு 75 மணி நேரம் இயந்திரத்தில் வைத்துக் காப்பாற்றியது. உலகமே உற்சாகமானது. உடனே அமெரிக்க அரசின் சுகாதார நிறுவனம் ஒரு பெரிய ஆய்வு நடத்தியது. 1979-இல் முடிவு வந்தபோது எல்லோருக்கும் பேரிடி. 90 நோயாளிகள், எக்மோ போட்டவர்களிலும் போடாதவர்களிலும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். பெரியவர்களுக்கு எக்மோ என்ற பேச்சே கிட்டத்தட்ட நின்றுபோனது.

அன்றைக்கு என்ன நடந்தது என்பது இன்றும் முக்கியம். எக்மோ போட்ட பிறகும் வென்டிலேட்டரை அதே அழுத்தத்தில் வைத்து, ஏற்கெனவே வீங்கிப்போன நுரையீரலைத் தொடர்ந்து ஊதிக்கொண்டே இருந்தார்கள். வென்டிலேட்டர் காற்றே நுரையீரலைக் கிழிக்கும் என்பது மெதுவாகத்தான் புரிந்தது. 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த ஆய்வில், ஒவ்வொரு மூச்சின் அளவையும் ஏறக்குறைய பாதியாகக் குறைத்ததுமே இறப்பு 40 சதவீதத்திலிருந்து 31 ஆக இறங்கியது. 2013-இல் பிரெஞ்சு ஆய்வு ஒன்றில், நாளுக்குப் பதினாறு மணி நேரம் குப்புறப் படுக்க வைத்ததால் ஒரு மாத இறப்பு 33-லிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. கருவி எதுவும் வேண்டாம், நாலைந்து பேரின் கை இருந்தால் போதும். அதனால்தான் எக்மோ பேச்சு வந்ததும் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, குப்புறப் படுக்க வைத்துப் பார்த்தீர்களா என்பது. உங்கள் தம்பிக்கு அதைச் செய்திருக்கிறார்கள், நல்லது.

இன்றைக்கு எக்மோ போட்டால் வென்டிலேட்டரை நன்றாகக் குறைத்துவிடுவோம். உடைந்த கைக்கு மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் வைப்பது போல, நுரையீரலுக்கு ஓய்வு.

இனி தேன்கூடு கேட்ட ஆய்வு. அது 2018-இல் வெளிவந்தது, பெயர் ஈயோலியா, 249 நோயாளிகள். அறுபது நாளில் எக்மோ பிரிவில் இறந்தவர்கள் 35 சதவீதம், வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 46 சதவீதம். புள்ளியியல் அளவுகோலில் இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்ற எல்லைக்குள் விழுந்தது. "பயன் நிரூபிக்கப்படவில்லை" என்ற தலைப்புச் செய்தி அங்கிருந்து வந்ததுதான். ஆனால் வழக்கமான சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களில் 28 சதவீதம் பேருக்கு, இனி வேறு வழியே இல்லை என்ற நிலையில் எக்மோ போட்டார்கள். அந்தக் கடைசி நேரத்தில் போட்டவர்களில் 57 சதவீதம் பேர் இறந்தார்கள். முதலிலேயே போட்ட பிரிவில் 35 என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைசியில் போட்டவர்கள் மிக மோசமான நிலையில் இருந்தவர்கள் என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும் இதயமும் சிறுநீரகமும் சரிகிற வரை காத்திருந்தால் எக்மோவாலும் மீட்க முடிவதில்லை என்பதை நான் வார்டில் பார்க்கிறேன். இந்த ஆய்வையும் 2009-இல் வந்த பிரிட்டன் ஆய்வையும் பின்னர் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டபோது, தொண்ணூறு நாள் இறப்பு எக்மோவில் 36 சதவீதம், மற்றதில் 48 என்று எக்மோ பக்கம் தெளிவாகவே சாய்ந்தது.

ஆக, காவிரிக்கரை, "இவ்வளவு சீக்கிரம் ஏன்" என்று கேட்டீர்கள். சீக்கிரமாகத்தான் போட வேண்டும். வென்டிலேட்டரில் அதிக அழுத்தத்தில் ஏழு நாளுக்கு மேல் போய்விட்டால் பலன் குறைந்துகொண்டே வரும். தம்பியின் பிஎஃப் ரேஷியோ என்ன என்று டாக்டரிடம் கேளுங்கள். ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அழுத்தத்தைக் கொடுக்கும் ஆக்சிஜன் அளவால் வகுத்தால் வருவது. நல்ல நுரையீரலில் 400-க்கு மேல் இருக்கும். 80-க்குக் கீழே ஆறு மணி நேரத்துக்கு மேல், அல்லது 50-க்குக் கீழே மூன்று மணி நேரத்துக்கு மேல் என்பதுதான் அந்த ஆய்வில் வைத்த வாசல். பெரும்பாலும் நாங்களும் அதைத்தான் பின்பற்றுகிறோம்.


காவிரிக்கரை

டாக்டர், கேட்டுவிட்டேன். ராத்திரியிலிருந்து 65, 70 என்றே நிற்கிறதாம். சிறுநீரகம் இன்னும் நன்றாக இருக்கிறது, பிரஷருக்கு மருந்து லேசாகத்தான் போகிறது என்றார்கள்.

தஞ்சாவூரிலிருந்து சென்னை ஆறு மணி நேரம் ஆகிவிடும். வழியில் ஏதாவது ஆனால்? இங்கேயே போட்டு வைத்துக்கொள்ள முடியாதா என்று சித்தப்பா கேட்கிறார்.


பம்ப்_ரூம்

நல்ல கேள்வி. போடுவது ஒரு மணி நேர வேலை, அதன் பிறகு இரவு பகலாகப் பார்த்துக்கொள்வதுதான் சிகிச்சை. வருஷத்துக்கு முப்பது பேருக்கு மேல் போடும் மையங்களில் இறப்பு குறைவு, ஆறு பேருக்கும் குறைவாகப் போடும் இடங்களில் அதிகம் என்பதை உலக எக்மோ பதிவேட்டை வைத்துச் செய்த ஆய்வு 2015-இலேயே காட்டியது. அதனால் குழு வந்து உங்கள் ஊரிலேயே போட்டு, அதன் பிறகு வண்டியில் ஏற்றுவதுதான் பாதுகாப்பு. ஆக்சிஜனே ஏறாத நோயாளியை வெறும் வென்டிலேட்டரோடு ஆம்புலன்சில் ஏற்றுவதை விட, எக்மோ ஓடிக்கொண்டிருக்கும்போது ஏற்றுவது எவ்வளவோ மேல்.

வழியில் என்ன ஆகலாம் என்றால், மின்சாரம் போகலாம். பேட்டரி இருக்கும். பம்ப் மோட்டாரே நின்றாலும் கையால் சுற்றும் கைப்பிடி ஒன்று கூடவே வரும். அதை வைத்து நிமிடத்துக்குத் தேவையான சுற்றைக் கையால் கொடுக்கலாம். நாங்கள் எல்லோரும் அதைச் சுற்றிப் பழகியிருப்போம். டியூபை அடைக்கும் பெரிய கிளாம்ப்கள் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கும். ஆக்சிஜன் சிலிண்டர் போதுமா என்ற கணக்கைப் புறப்படும் முன்பே போட்டு, அதற்கு மேல் கூடுதலாக எடுத்துக்கொள்வோம். எனக்கு வண்டியில் அதிகம் கவலை தருவது டியூப் இழுபடுவதுதான். நோயாளியை ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்போது ஒருவர் வேறு எந்த வேலையும் செய்யாமல் கழுத்துக் குழாயையும் தொடைக் குழாயையும் மட்டும் பிடித்துக்கொண்டிருப்பார். அவர் "சரி" என்று சொன்ன பிறகுதான் மற்றவர்கள் தூக்குவார்கள்.

சில சமயம் டியூப் படபடவென்று துடிப்பதைப் பார்ப்பீர்கள். சிரைக்குள் ரத்தம் போதாமல் குழாயின் வாய் சுவரை உறிஞ்சுகிறது என்று அர்த்தம். வேகத்தைக் குறைப்போம், தேவைப்பட்டால் திரவம் கொடுப்போம். பார்த்துப் பயப்பட வேண்டாம்.


வயல்வெளி

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். எங்கள் ஊரில் களைக்கொல்லி குடித்தவர்கள் நுரையீரல் கெட்டு இறப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இதைப் போட்டுக் காப்பாற்ற முடியாதா?


இரவு_டூட்டி

பாராகுவாட்டைச் சொல்கிறீர்கள். எங்களுக்கும் மனசை அறுக்கும் நோயாளிகள் அவர்கள். பெரும்பாலும் சின்ன வயசு, நினைவு தெளிவாக இருக்கும், காப்பாற்றுங்கள் என்று கெஞ்சுவார்கள். அந்த விஷம் நுரையீரலில் போய்ச் சேர்ந்து தழும்பாக்கிக்கொண்டே போகும். எக்மோவில் எத்தனை நாள் வைத்தாலும் அந்தத் தழும்பு திரும்ப நுரையீரல் ஆகாது. மாற்று நுரையீரல் கிடைத்தால் ஒழிய வாங்கும் நேரத்துக்குப் பயன் இல்லை. உலகில் சிலருக்கு அப்படி மாற்றியும் இருக்கிறார்கள், ஆனால் நம் வட்டாரத்தில் விஷம் குடித்து வருபவருக்கு அந்த வழி கிட்டத்தட்ட இல்லை.

அதற்கு நேர் எதிர் உண்ணிக்காய்ச்சலும் எலிக்காய்ச்சலும். இரண்டும் நம் ஊரில் மழைக்காலத்தில் நிறைய. நுரையீரலை மோசமாகத் தாக்கும், ஆனால் சரியான மருந்து போய்விட்டால் சில நாளில் திரும்பும். ஃப்ளூ நிமோனியாவும் இந்தப் பக்கத்தில் உள்ள நோய்தான். 2009-இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் எச்1என்1 பரவியபோது 68 பேருக்கு எக்மோ போட்டார்கள், பெரும்பாலும் இளம் வயதினர். அறிக்கை வெளியானபோது இறந்திருந்தது ஐந்தில் ஒருவர். அதற்குப் பிறகுதான் உலகம் மறுபடி எக்மோ பக்கம் திரும்பியது.

கோவிடில் நிலைமை மாறியது. முதல் அலையில் எக்மோ போட்டவர்களில் 37 சதவீதம் பேர் இறந்தார்கள், பின்னால் அது பாதியைத் தாண்டியது. வாரக்கணக்கில் ஸ்டீராய்டும் மாஸ்க் ஆக்சிஜனும் கொடுத்துப் பார்த்த பிறகு, நுரையீரல் இறுகிய நிலையில் பலர் எக்மோவுக்கு வந்ததும் அதற்கு ஒரு காரணம். தேன்கூடு, உங்கள் உறவினர் அந்தக் காலத்தில் சிக்கியவர். அதற்காக, உங்களிடம் பேசாமல் விட்டதை நான் நியாயப்படுத்தவில்லை. குழாய் போடும் முன்பே, எந்த நிலை வந்தால் நிறுத்துவோம் என்று குடும்பத்தோடு பேசுவதும் எங்கள் வேலைதான்.


தேன்கூடு

நன்றி டாக்டர். இதை ஒரு மருத்துவர் எழுத்தில் சொல்லிப் பார்ப்பது எனக்கு இதுவே முதல் தடவை.

காவிரிக்கரை, அப்படியானால் என் கருத்தையும் சொல்கிறேன். போடுங்கள். ஆனால் இவற்றை இன்றே கேளுங்கள். தொடக்கத்தில் எவ்வளவு, நாளுக்கு எவ்வளவு, அதில் ரத்தமும் மருந்தும் சேர்த்தியா, ஆக்சிஜனேட்டர் மாற்ற வேண்டி வந்தால் தனிச் செலவா என்று எழுத்தில் வாங்குங்கள். தொடக்கச் செலவே சில லட்சங்கள் ஆகும், அப்புறம் நாள் கணக்கு. குடும்பத்தில் ஒரே ஒருவர் டாக்டரிடம் பேசட்டும், மற்றவர்கள் அவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். எங்கள் வீட்டில் ஆறு பேர் ஆறு விதமாகக் கேட்டு வந்து ராத்திரி முழுக்கச் சண்டை. வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேச நேரம் கேளுங்கள். "நுரையீரல் திரும்புவதற்கு அடையாளம் தெரிகிறதா, மூளை நன்றாக இருக்கிறதா, மற்ற உறுப்புகள் எப்படி" என்று இந்த மூன்றையும் ஒவ்வொரு தடவையும் கேளுங்கள்.


காவிரிக்கரை

சம்மதம் சொல்லிவிட்டோம். சித்தப்பாவிடம் இந்தத் திரியை முழுக்கப் படித்துக் காட்டினேன். "நேரம் வாங்குகிறோம், அவ்வளவுதானே, வாங்கு" என்றார். குழு வந்து போட்டுவிட்டது, விடியற்காலையில் சென்னை வந்து சேர்ந்தோம்.

இப்போது வேறு குழப்பம். நேற்று எடுத்த எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் முழு வெள்ளை. முன்பு ஓரங்களிலாவது கருப்பு தெரிந்தது. மானிட்டரில் ஆக்சிஜன் 86, 87 என்றே காட்டுகிறது. இவ்வளவு பெரிய இயந்திரம் போட்டும் 86 என்றால் வேலை செய்யவில்லையா? மூக்கில் லேசாக ரத்தமும் வருகிறது. சித்தி அதைப் பார்த்ததிலிருந்து சாப்பிடவில்லை.


மழைமுகில்

தம்பி, நான் யாழ்ப்பாணம், இப்ப இங்கிலாந்தில் லெஸ்டரில் தாதியாக இருக்கிறேன். மேலே டாக்டர் சொன்ன 2009-ஆம் ஆண்டு ஆய்வில் நோயாளர்களுக்கு எக்மோ கொடுத்தது இந்த ஊரிலுள்ள கிளென்ஃபீல்ட் ஆஸ்பத்திரிதான். அந்த ஆய்வில் இங்கு அனுப்பப்பட்ட 90 பேரில் 68 பேருக்கே எக்மோ தேவைப்பட்டது. மற்றவர்களில் பலர் நல்ல பராமரிப்போடு அது இல்லாமலே தேறினார்கள். அதனால் அனுபவமுள்ள இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததே உங்கள் தம்பிக்கு ஒரு நன்மை.

எக்ஸ்ரே வெள்ளையாவதை எக்மோ தாதிகள் எல்லோரும் எதிர்பார்த்துத்தான் இருப்போம். வென்டிலேட்டர் அழுத்தத்தைக் குறைத்தவுடன், வலுக்கட்டாயமாக ஊதி விரித்து வைத்திருந்த நுரையீரல் சுருங்கிவிடும். முந்தி ஒரு மூச்சுக்கு 400 மில்லி போனது இப்ப 50, 100 என்றுகூட இருக்கும். படம் மோசமாகும், ஆனால் உள்ளே காயம் ஆறத் தொடங்கும். காற்று உள்ளே போகும் அளவு நாளுக்கு நாள் கூடுகிறதா என்பதைப் பாருங்கோ. எக்ஸ்ரேயை விட அது முந்திச் சொல்லும்.

86 பற்றி. இதயத்துக்கு வந்து சேரும் ரத்தம் முழுவதும் கருவிக்குள்ளால் போவதில்லை. ஒரு பங்கு கருவியைத் தொடாமல் நேரே நோயுற்ற நுரையீரலுக்குள்ளால் போகும். நல்ல ரத்தமும் அந்த ரத்தமும் கலந்து விரலில் தெரிவதுதான் அந்த இலக்கம். சிவப்பணு போதுமான அளவு இருந்து, லாக்டேட் (உடம்புக்கு ஆக்சிஜன் போதாவிட்டால் ரத்தத்தில் கூடுகிற பொருள்) ஏறாமல், சிறுநீர் நன்றாகப் போனால் 86 போதும். மானிட்டரையே பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம் என்று சித்தியிடம் சொல்லுங்கோ.

ரத்தக்கசிவுதான் நாங்கள் எல்லாரும் பயப்படுகிற விஷயம், அதை மறைக்க மாட்டேன். கருவிக்குள் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் ஓடுகிறது, அதனால் மூக்கு, வாய், குழாய் போட்ட இடம் எங்கும் கசியலாம். மூளைக்குள் கசிந்தால் அதுதான் பெரிய ஆபத்து. ஒவ்வொரு மணித்தியாலமும் கண் மணியில் டோர்ச் அடித்துப் பார்ப்பது அதற்காகத்தான். நாங்கள் பிளேடு வைத்துச் சவரம் செய்ய மாட்டோம், பல் துலக்க மெத்தென்ற பஞ்சுதான், சளி உறிஞ்சுவதும் மெல்ல, மூக்கு வழியாகப் புதிதாக எந்தக் குழாயும் இறக்க மாட்டோம். ஆக்சிஜனேட்டரையும் டோர்ச் அடித்து மூலை மூலையாகப் பார்ப்போம். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் கட்டி உறைகிறது என்று அர்த்தம், அதை வரைந்து குறித்து வைத்து அடுத்த தாதியிடம் ஒப்படைப்போம். மூக்கில் லேசாக வருவது சாதாரணம். கூடினால் ஹெப்பாரினைச் சில மணித்தியாலம் நிறுத்தவும் முடியும்.

இன்னொன்று. மயக்கத்தில் இருந்தாலும் அவரோடு கதையுங்கோ. வீட்டுச் சத்தம், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது, எல்லாம் வேணும். மயக்கம் தெளியும்போது குழம்பிப் போய்க் குழாயை இழுக்கப் பார்க்கிறவர்கள் உண்டு. அந்த நேரம் தெரிந்த குரல் பக்கத்தில் இருந்தால் எங்களுக்குப் பெரிய உதவி.


சின்னச்சிட்டு

பெரியவர்களுக்கான பேச்சுக்கு நடுவே ஒன்று. நான் பச்சிளங்குழந்தை மருத்துவம் படிக்கிறேன். 1979-இல் பெரியவர்களுக்கு எக்மோ கைவிடப்பட்ட காலத்தில் அதை உயிரோடு வைத்திருந்தது குழந்தைகள்தான். 1975-இல் கலிஃபோர்னியாவில் ராபர்ட் பார்ட்லெட் என்ற மருத்துவர், பிறக்கும்போதே மலம் கலந்த நீரை மூச்சில் இழுத்துவிட்ட ஒரு பெண் குழந்தைக்குப் போட்டார். தாய் குழந்தையை அங்கேயே விட்டுப் போயிருந்தார். செவிலியர்கள் அவளுக்கு எஸ்பெரான்சா என்று பெயர் வைத்தார்கள். ஸ்பானிய மொழியில் நம்பிக்கை. அவள் பிழைத்து வளர்ந்தாள். பிறகு 1996-இல் பிரிட்டனில் 185 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், எக்மோ பிரிவில் 93 பேரில் 30 பேர் இறந்தார்கள், மற்றதில் 92-இல் 54 பேர். பெரியவர்களுக்கு 2018 வரை விவாதம் ஓடியது, குழந்தைகளுக்கு அது எப்போதோ தீர்ந்துவிட்டது.


காவிரிக்கரை

மழைமுகில் அக்கா, சித்தி உங்கள் பதிலை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். அன்று ராத்திரி சாப்பிட்டார்.

நல்ல செய்தி. மூச்சு அளவு 80-இல் இருந்து இப்போது 350 வரை வந்திருக்கிறது. கருவிக்குள் போகும் வாயுவை நிறுத்திப் பார்க்கப் போகிறோம் என்றார்கள். வாயுவை நிறுத்தினால் மூச்சு முட்டாதா?


பம்ப்_ரூம்

முட்டினால் உடனே திரும்பத் திறந்துவிடுவோம், அதற்குத்தான் அந்தச் சோதனை. பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், ரத்தம் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆக்சிஜனேட்டருக்குள் வாயு மட்டும் போகாது. அப்போது இரண்டு டியூபும் ஒரே கருஞ்சிவப்பாகிவிடும். முன்பு கோளாறு என்று சொன்னேனே, அதே காட்சி. இந்தச் சோதனையில் மட்டும் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவோம். கருவி சும்மா சுற்றுகிறது, ஆக்சிஜனும் கரியமில வாயுவும் தம்பியின் சொந்த நுரையீரலாலேயே நடக்கிறது. சில மணி நேரம் அப்படி வைத்து, ரத்தத்தை எடுத்துப் பார்த்து, மூச்சுத் திணறாமல் இருந்தால் குழாயை எடுத்துவிடுவார்கள். ஒரு தடவை தோற்றால் மனம் உடைந்துவிடாதீர்கள், இரண்டு நாள் விட்டு மறுபடி செய்வோம்.


காவிரிக்கரை

எடுத்துவிட்டார்கள்! இரண்டாவது சோதனையில் தேறினான். கழுத்தில் துளை போட்டு வென்டிலேட்டர் இன்னும் இருக்கிறது, ஆனால் பகலில் கழற்றி வைக்கிறார்கள். பேச்சு வரவில்லை, எழுதிக் காட்டுகிறான். முதலில் எழுதியது "பைக் எங்கே". சித்தப்பா சிரித்தது இந்த மாதத்தில் முதல் தடவை.

கை கால் தூக்கவே முடியவில்லை, விரல் பிடிப்பு இல்லை. வலது கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. இது சரியாகுமா டாக்டர்? பழையபடி வேலைக்குப் போவானா?


இரவு_டூட்டி

மிகவும் சந்தோஷம். முதலில் கால் வீக்கம். எக்மோ குழாய் இருந்த தொடைப் பக்கம்தானே? குழாய் எடுத்த பிறகு அந்தச் சிரையில் கட்டி உறைவது அடிக்கடி நடப்பது. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனை இன்றே எடுக்கச் சொல்லுங்கள். கட்டி இருந்தால் சில மாதம் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போதும். ஆனால் கவனிக்காமல் விடக் கூடாது.

பலவீனம் எதிர்பார்த்ததுதான். கடுமையான நுரையீரல் செயலிழப்பிலிருந்து பிழைத்த 109 பேரைக் கனடாவில் ஒரு வருடம் பின்தொடர்ந்து 2003-இல் எழுதினார்கள். நுரையீரல் ஓரளவு நன்றாகவே திரும்பியிருந்தது. பின்தங்கியது தசைதான். வருட முடிவிலும் ஆறு நிமிடத்தில் அவர்கள் நடந்த தூரம், அந்த வயதுக்கு இருக்க வேண்டியதில் மூன்றில் இரண்டு பங்கு. எனவே பிசியோதெரபி வீட்டுக்குப் போனதும் நின்றுவிடக் கூடாது. தினமும் வேண்டும், மாதக்கணக்கில் வேண்டும். புரதச் சத்து நிறையக் கொடுங்கள். முட்டை, மீன், பருப்பு, எது இறங்குகிறதோ அது. ராத்திரியில் பயந்து விழிப்பது, ஐசியூவில் இல்லாததைப் பார்த்ததாகச் சொல்வது, காரணமில்லாமல் அழுவது எல்லாம் வரலாம். பைத்தியம் என்று யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீடித்தால் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்.

வேலைக்கு எப்போது போகலாம் என்பதை மூன்றாவது மாத நுரையீரல் சோதனையும் நடைச் சோதனையும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். பைக்கை அதுவரை சித்தப்பா ஓட்டட்டும். வீட்டில் எல்லோரும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள், அவனுக்கு வருஷா வருஷம் வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்தச் சிரையில் எந்தக் குழாய் இருந்தது என்று எழுதி வாங்க மறக்காதீர்கள். அடுத்த தடவை யார் ஊசி போட்டாலும் அது தேவைப்படும்.